15 கேவிஏ-வா, 3 கேவிஏ-வா? மடிப்பாக்கம் வீட்டுக்கு ஏற்ற ஜெனரேட்டர்

கேள்வி: ஐயா, மடிப்பாக்கத்தில் எங்களுக்குச் சொந்த வீடு. கீழே அப்பாவும் அம்மாவும், மேலே நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். த்ரீ பேஸ் இணைப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது காம்பவுண்டுக்குள் இரண்டரை அடி தண்ணீர் நின்றது. நான்கு நாள் கரன்ட் இல்லை. இப்போது அப்பாவுக்கு இரவில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஒன்றரை டன் ஏசி மூன்று இருக்கின்றன, இரண்டு இன்வெர்ட்டர் வகை, ஒன்று பழையது. ஃபிரிட்ஜ் இரண்டு, ஒன்றரை எச்.பி. போர் மோட்டார், அரை எச்.பி. சம்ப் மோட்டார், 150 ஏ.எச். பேட்டரி ஒன்றோடு 12 வோல்ட் இன்வெர்ட்டர். மோட்டார் இரண்டுமே சிங்கிள் பேஸ். ஜெனரேட்டர் கடையில் "15 கேவிஏ த்ரீ பேஸ் போட்டால் வீடு முழுக்க ஓடும்" என்கிறார்கள். மைத்துனர் "3 கேவிஏ பெட்ரோல் வாங்கி பிளக்கில் சொருகினால் போதும்" என்கிறார். எதை வாங்குவது, எங்கே வைப்பது, எப்படி இணைப்பது?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பொருத்தம் 7.5 கேவிஏ, சிங்கிள் பேஸ், செல்ஃப் ஸ்டார்ட் உள்ள டீசல் செட், சத்தம் அடக்கும் கூண்டோடு. காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் அப்பாவின் மெஷின்.

கான்சன்ட்ரேட்டரை ஜெனரேட்டரை மட்டும் நம்பி வைக்கக் கூடாது. எவ்வளவு நல்ல செட்டாக இருந்தாலும் ஒரு நாள் பேட்டரி இறங்கி ஸ்டார்ட் ஆகாது, அல்லது நடுராத்திரியில் டீசல் தீரும். அந்த மெஷின் எப்போதும் இன்வெர்ட்டர் வழியாகத்தான் ஓட வேண்டும். கரன்ட் போன நொடியில் இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்ளும். ஜெனரேட்டர் அந்த இன்வெர்ட்டருக்குப் பின்னால் நின்று பேட்டரியை நிரப்பும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகைதானா என்று பாருங்கள். சதுர அலை தரும் பழைய வகையில் கம்ப்ரஸர் மோட்டார் சூடேறி இரையும்.

இப்போதுள்ள ஒற்றை பேட்டரி போதாது. 150 ஏ.எச்., 12 வோல்ட் என்றால் காகிதத்தில் 1,800 வாட் மணி. கையில் கிடைப்பது சுமார் 1,100. ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் 350 வாட் எடுக்கும். அதோடு மூன்று ஃபேன், நாலு விளக்கு சேர்த்தால் 600 வாட், இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. இதைவிடப் பெரிய சிக்கல் சார்ஜ் ஏறும் வேகம். வீட்டு இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 15 ஆம்ப் அளவில்தான் ஏற்றும். மூன்று மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு அணைத்தால் பேட்டரிக்குள் போயிருப்பது 45 ஏ.எச்., அதாவது கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். "காலையில் மூணு மணி நேரம், ராத்திரி மூணு மணி நேரம் ஓட்டினால் போதும்" என்று போடும் கணக்கு இந்த இடத்தில்தான் உடையும்.

ஆகவே இரண்டு 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி போடும் 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு மாறுங்கள். பழைய 12 வோல்ட் பெட்டியில் இரண்டாவது பேட்டரியைத் தொடராக இணைக்க முடியாது. பழைய பேட்டரியோடு புதியதை இணையாகப் போட்டால் பழையது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும். இரண்டும் ஒரே நாளில் வாங்கிய ஒரே வகையாக இருக்கட்டும். இந்த அமைப்பில் கான்சன்ட்ரேட்டரும் ஒரு ஃபேனும் ஐந்து மணி நேரம் ஓடும். நடுராத்திரி முதல் விடியும்வரை எஞ்சின் சத்தம் இல்லாமல் அப்பா தூங்கலாம்.

இதற்கும் மேலே ஒரு காப்பு வேண்டும்: பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, ரெகுலேட்டரோடு. நிறைந்த பி டைப்பில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். டாக்டர் சொன்ன அளவு நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், அக்டோபர் முதல் வாரத்திலேயே நிரப்பிவையுங்கள். புயல் அறிவிப்பு வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

இனி ஜெனரேட்டரின் அளவு. கடைக்காரர் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் கூட்டி 15 என்றிருப்பார். வாட் கணக்கை மட்டும் கூட்டினால் தப்பாகத்தான் வரும். ஜெனரேட்டரை மூச்சுத் திணற வைப்பது ஓடும் சுமை அல்ல, மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடிதான்.

புயல் நேரத்தில் உங்கள் வீட்டில் கட்டாயம் ஓட வேண்டியவை: கான்சன்ட்ரேட்டர் 350 வாட், இரண்டு ஃபிரிட்ஜ் 300, ஃபேன், விளக்கு, வைஃபை எல்லாம் 700, இன்வெர்ட்டர் சார்ஜ் 450, அப்பா அறையின் இன்வெர்ட்டர் ஏசி அதிகபட்சம் 1,700 வாட், அறை குளிர்ந்த பின் அதில் பாதி. மொத்தம் 3,500. சம்ப் மோட்டார் ஓடும்போது 600 வாட்தான், ஆனால் கிளம்பும்போது மூன்று நான்கு மடங்கு இழுக்கும். ஆக உச்சத்தில் 5,500-ஐத் தாண்டும். 7.5 கேவிஏ செட் 0.8 பவர் ஃபேக்டரில் (கேவிஏ-வில் எவ்வளவு வாட்டாகக் கிடைக்கும் என்ற விகிதம்) 6,000 வாட் தரும். கத்திரி வெயிலில் எஞ்சினின் திறன் கொஞ்சம் குறையும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது சரியான அளவு.

பட்டியலில் நான் விட்டவற்றைக் கவனித்திருப்பீர்கள். பழைய ஏசி ஓடும்போது 8 ஆம்ப்தான், கம்ப்ரஸர் கிளம்பும்போது 40 ஆம்ப் வரை போகும். அதை ஜெனரேட்டர் பக்கமே கொண்டுவர வேண்டாம். கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப்பெட்டி, வாஷிங் மெஷின் எதுவும் வேண்டாம். போர் மோட்டாருக்கு ஒன்றரை எச்.பி.; கிளம்பும்போது 30 ஆம்புக்கு மேல் இழுக்கும். ஏசியை நிறுத்திவிட்டுப் போட்டால் 7.5 கேவிஏ தாங்கும், வோல்டேஜ் ஒரு கணம் தொய்ந்து மீளும். ஆனால் புயலுக்கு முந்தைய நாள் மொட்டைமாடித் தொட்டியையும் சம்பையும் நிரப்பிவிட்டால் போர் போட வேண்டிய தேவையே அநேகமாக வராது. வெள்ளம் சம்ப் மூடியைத் தாண்டியிருந்தால் அந்தத் தண்ணீரை மேலே ஏற்றவும் கூடாது.

15 கேவிஏ த்ரீ பேஸ் ஏன் வேண்டாம்? கேட்டால் நம்புவது கடினம்: ஒரு சர்க்யூட்டுக்கு அது தருவது 7.5 கேவிஏ சிங்கிள் பேஸைவிடக் குறைவு. 15 என்பது மூன்று பேஸுக்கும் சேர்த்து. ஒரு பேஸுக்கு 5 கேவிஏ, அதாவது 21 ஆம்ப். 7.5 சிங்கிள் பேஸ் செட் ஒரே பேஸில் 32 ஆம்ப் தரும். உங்கள் வீட்டில் த்ரீ பேஸில் ஓடும் மோட்டார் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சிங்கிள் பேஸ் சாமான். ஏசியும் சம்ப் மோட்டாரும் ஒரே பேஸில் விழுந்தால் 15 கேவிஏ திணறும், மற்ற இரண்டு பேஸ் சும்மா கிடக்கும். பேஸ்களுக்கிடையே சுமை இப்படி ஏறுமாறாக இருந்தால், சுமை குறைந்த பேஸில் வோல்டேஜ் ஏறி எலக்ட்ரானிக் சாமான்களைப் பதம் பார்க்கும்.

இன்னொன்று, டீசல் எஞ்சின் சும்மா ஓடுவதை வெறுக்கும். திறனில் 30 சதவீதத்துக்குக் குறைவான சுமையில் மணிக்கணக்காக ஓடினால் சிலிண்டர் போதிய அளவு சூடாகாது. எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் கறுப்புக் குழம்பாகக் கசியும். இஞ்செக்டர் முனை அடைக்கும், ரிங் ஒட்டும், எண்ணெய் தின்னத் தொடங்கும். இரவில் உங்கள் வீட்டுச் சுமை 2,500 முதல் 3,000 வாட். 7.5 கேவிஏ-வுக்கு அது பாதி, எஞ்சினுக்குப் பிடித்த அளவு. 15 கேவிஏ-வுக்குக் கால் பங்கைத் தாண்டாது. பெரிதாக வாங்கினால் ஆயுள் கூடும் என்பது இங்கே பொருந்தாது.

மைத்துனர் சொன்ன 3 கேவிஏ பெட்ரோல் செட் கெட்டதல்ல. ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ் மட்டும் உள்ள வீட்டுக்கு அது போதும், விலையும் மிகக் குறைவு. உங்களுக்கு ஏன் ஆகாது என்றால், ஏசியும் மோட்டாரும் சேர்ந்து தாங்காது. மலிவான செட்களில் சுமை மாறும்போது பிரீக்வென்சி 50-இலிருந்து மேலும் கீழும் ஆடும், யு.பி.எஸ். மோடில் (உள்ளே வரும் கரன்ட்டில் கண்டிப்பு காட்டும் அமைப்பில்) உள்ள இன்வெர்ட்டர் அந்தக் கரன்ட்டை ஏற்காது. ஜெனரேட்டர் வெளியே கத்திக்கொண்டிருக்க, உள்ளே இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்; பேட்டரி காலியானதும்தான் விஷயம் தெரியும். மூன்றாவது பெட்ரோல். உரிமம் இல்லாமல் வீட்டில் 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைக்கச் சட்டம் இடம் தராது, வெள்ள நேரத்தில் பங்க்கில் பிளாஸ்டிக் கேனில் ஊற்றவும் மாட்டார்கள். டீசலுக்கு அந்த நெருக்கடி இல்லை, தீப்பற்றும் அபாயமும் குறைவு. சமையல் கேஸ் சிலிண்டரில் ஓட்ட கிட் விற்கிறார்கள். அந்தப் பக்கம் போக வேண்டாம், வீட்டு சிலிண்டர் சமையலுக்கு மட்டும்தான். யூடியூபில் அமெரிக்க வீடுகளில் ஏசி அவுட்டோர் பெட்டி மாதிரி அமைதியாக நிற்கும் ஜெனரேட்டர்களைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். அவை தெருக்குழாய் கேஸில் ஓடுபவை. நம் கணக்கு வேறு.

"பிளக்கில் சொருகினால் போதும்" என்ற பேச்சைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரை வீட்டு சாக்கெட்டில் இணைத்தால், மெயினை அணைக்க மறந்த ஒரு நிமிடத்தில் உங்கள் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்பக்கமாக நுழைந்து மறுபுறம் 11,000 வோல்ட்டாக வெளியேறும். அங்கே லைன்மேன் "லைன் செத்துக் கிடக்கிறது" என்று நம்பிக் கம்பியில் கை வைத்திருப்பார். ஈ.பி. திரும்பி வந்தால் ஜெனரேட்டரும் எரியும். கழற்றிய பிளக்கின் பித்தளைக் காலில் கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும் என்பது வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

சரியான இணைப்பு இப்படி இருக்க வேண்டும். ஜெனரேட்டரில் ஓட வேண்டியவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு டி.பி. பெட்டி (எம்.சி.பி. சுவிட்சுகள் இருக்கும் விநியோகப் பெட்டி) போடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் 63 ஆம்ப் டபுள் போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச்: ஒரு பக்கம் ஈ.பி.யின் ஒரு பேஸ், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றுவதாக இருக்க வேண்டும். பேஸை மட்டும் மாற்றும் சுவிட்ச் மலிவு, ஆனால் நியூட்ரல் வழியாகக் கரன்ட் வெளியே போக வழி விடும். ஜெனரேட்டர் முனையில் 32 ஆம்ப் எம்.சி.பி. அங்கிருந்து சேஞ்ச்ஓவர்வரை 10 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, ஆர்மர்டு கேபிளாக. 6 சதுர மில்லிமீட்டரே கணக்குக்குப் போதும். மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் தொய்வைக் குறைக்கவே 10.

சில எலக்ட்ரீஷியன்கள் வேலையைச் சுருக்க, மெயின் போர்டில் மூன்று பேஸையும் ஜெனரேட்டர் பக்கம் ஒன்றாகக் கோத்துவிடுவார்கள். வீடு முழுக்க எரியும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் த்ரீ பேஸில் மூன்று பேஸின் கரன்ட்டும் நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒரே பேஸாகக் கோத்துவிட்டால் அவை கூடும். மூன்று பேஸுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பி அதற்கென்று போட்டதல்ல. சூடேறி இணைப்பு இளகும். ஒரு நாள் ஈ.பி. ஓடும்போது அந்த நியூட்ரல் கழன்றால் 230 வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரும்; டிவியும் ஃபிரிட்ஜ் போர்டும் ஒன்றாகப் போகும். தனி டி.பி.க்கு இரண்டு நாள் வேலை கூடுதலாகும். பேரம் பேசாமல் செய்துகொள்ளுங்கள்.

அந்த டி.பி.யில் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் தனித்தனி 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) வேண்டும். உங்களுக்கு இது அவசியம், ஏனென்றால் கீழே சாக்கெட் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறினால் கீழ்த்தளத்தை முழுக்க அணைத்துவிட்டு மேல்தளத்தை மட்டும் ஓட்ட முடியும். ஈ.பி. இருந்தால் தெரு பில்லர் பாக்ஸில் தண்ணீர் ஏறியதும் வாரியமே அணைத்துவிடும். உங்கள் ஜெனரேட்டரை அணைக்க உங்களைத் தவிர யாரும் இல்லை. டி.பி.யையும் சேஞ்ச்ஓவரையும் முதல் தளத்திலோ, மாடிப்படித் திருப்பத்திலோ மாட்டுங்கள்.

எர்த் விஷயத்தில் ஒப்பந்ததாரர் "வீட்டு எர்த்தே போதும்" என்பார். போதாது. ஜெனரேட்டர் உடலுக்கு இரண்டு, நியூட்ரலுக்கு இரண்டு, ஆக நான்கு தனி எர்த் குழிகள். நியூட்ரல் எர்த் ஆகாத செட்டில் எங்காவது பழுதாகி பேஸ் எர்த்தைத் தொட்டாலும் ஆர்.சி.சி.பி. விழாது, கரன்ட் திரும்பி வரப் பாதையே இல்லாததால் அதற்கு வித்தியாசம் தெரியாது. டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழும், அதை வைத்து ஏமாறாதீர்கள். எர்த் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்; 5 ஓமுக்கு மேல் போனால் இன்னொரு குழாய் இறக்கட்டும். மடிப்பாக்கத்துக் களிமண் ஈரம் பிடித்து நிற்கும், பெரும்பாலும் சிரமம் இருக்காது.

தானாக ஸ்டார்ட் ஆகும் ஏ.எம்.எஃப். பேனல் வேண்டுமா? கீழே வயதானவர்கள் தனியாக இருக்கும் நேரம் அதிகம் என்றால் வாங்கலாம். இன்வெர்ட்டர் சரியாக இருந்தால் அவசரம் இல்லை; சாவி போட்டு ஸ்டார்ட் செய்வதே உங்களுக்குப் போதும் என்பது என் கருத்து. ஏ.எம்.எஃப். வாங்கினால் ஈ.பி. திரும்பியவுடன் தாவாமல் இரண்டு நிமிடம் பொறுத்து மாறும்படி வைக்கச் சொல்லுங்கள். சென்னையில் கரன்ட் வந்த வேகத்தில் மறுபடி போவது தெரிந்ததுதானே.

எங்கே வைப்பது? இரண்டரை அடி நின்ற தண்ணீரின் கறை காம்பவுண்டு சுவரில் இன்னும் இருக்கும். 2015 வெள்ளத்தின் கறை அதைவிட மேலே இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான கறைக்கு மேல் ஓர் அடி விட்டுத்தான் மேடை. உங்கள் கணக்கில் மூன்றரை அடி. செட்டின் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் அடித்தட்டில்தான் இருக்கும். பாதி நனைந்தாலும் முழுதும் போனதுதான். 7.5 கேவிஏ செட் கூண்டோடு 400 கிலோவுக்கு மேல் இருக்கும். செங்கல் கட்டி, உள்ளே மணல் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே கம்பி போட்ட 20 சென்டிமீட்டர் கான்கிரீட். செட்டைவிட நாலு புறமும் அரை அடி அதிகம். வெறும் மண் மேல் கல் அடுக்கினால் வெள்ளத்தில் அடிமண் கரைந்து சாயும். சர்வீஸ் ஆள் நிற்க ஒரு பக்கம் படியும், நடக்க இரண்டரை அடி இடமும் விடுங்கள். இல்லையென்றால் ஆயில் ஃபில்டர் மாற்ற வருபவர் மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லிவிட்டுப் போவார்.

சுற்றிலும் ஒரு மீட்டர் காற்று இடம் வேண்டும், வெப்பக் காற்று வெளியேறும் பக்கம் ஒன்றரை மீட்டர். சுவருக்கு நேரே அந்த வாய் இருந்தால் சூடான காற்றையே திரும்ப இழுத்து, அரை மணியில் அதிவெப்பத்தில் நின்றுவிடும். வாங்கிய ஜெனரேட்டர் "அடிக்கடி ஆஃப் ஆகுது" என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் எஞ்சின் அல்ல, சுவர்தான்.

புகை பற்றி ஒரு வார்த்தை அதிகமாகவே சொல்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மயங்குவதற்கு முன் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று சாதாரணமாகத் தோன்றும் அறிகுறிகள்தான். கார் நிறுத்துமிடத்தில், மாடிப்படிக்கு அடியில், பால்கனியில் எந்த ஜெனரேட்டரும் ஓடக் கூடாது. ஷட்டரைப் பாதி திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மழை பெய்கிறது என்று பெட்ரோல் செட்டை உள்ளே இழுத்து வைப்பதில்தான் உயிர்கள் போகின்றன. அப்பா அறையில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டிவிடுங்கள்.

டீசல் செட்டின் புகைக்குழாய் எவ்வளவு உயரம் என்பதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரம் இருக்கிறது: கட்டட உயரத்தோடு, கேவிஏ-வின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி மீட்டரில் கூட்ட வேண்டும். 7.5-க்கு அது 0.55 மீட்டர். அதாவது உங்கள் கட்டட உச்சிக்கு மேல் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு உயரம் போகும்போது செட்டிலிருந்து வரும் அதே விட்டக் குழாயை அப்படியே நீட்டினால் புகை வெளியேறத் திணறி எஞ்சின் சக்தி குறையும். ஓர் அளவு பெரிய குழாய் போடுங்கள், வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். எஞ்சினிலிருந்து குழாய் தொடங்கும் இடத்தில் நெளியும் பெல்லோஸ் துண்டு இல்லையென்றால் அதிர்வில் வெல்டிங் விடும். மிகத் தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்க ஒரு பிளக், உச்சியில் மழைத் தொப்பி, ஆள் கை படும் உயரம்வரை வெப்பக் காப்புச் சுற்று. குழாய் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிரே முடியாதபடி பாருங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய தகடு ஒன்று: சி.பி.சி.பி. (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்) 4 பிளஸ். 2023 ஜூலை 1 முதல் புதிய செட்களுக்கு அந்தப் புகை விதிதான். பழைய விதிச் செட்டை யாராவது "ஸ்டாக்கில் இருக்கிறது, சல்லிசாகத் தருகிறேன்" என்றால் விலகுங்கள். சத்தமும் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். கிர்லோஸ்கர், மஹிந்திரா போன்ற பெயருள்ள தயாரிப்புகளில் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வேளச்சேரி, தாம்பரம் பக்கம் சர்வீஸ் ஆள் வைத்திருப்பவர் யார் என்பதே முக்கியம். கொட்டேஷனில் செட் விலை மட்டும் இருக்கும். மேடை, கிரேன், கேபிள், சேஞ்ச்ஓவர், டி.பி., நான்கு எர்த், புகைக்குழாய், ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வயரிங்கை அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் செய்ய வேண்டும். கடைசித் தவணையைக் கொடுக்குமுன் உங்கள் கண் முன்னால் ஏசி ஓட, ஃபிரிட்ஜ் ஓட, சம்ப் மோட்டாரைப் போட்டுக் காட்டட்டும். மீட்டர் 200 வோல்ட்டுக்குக் கீழே நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. இன்வெர்ட்டரில் சார்ஜ் விளக்கு எரிகிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

பின்னால் மொட்டைமாடியில் சோலார் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே ஒப்பந்ததாரரிடம் சொல்லுங்கள். ஈ.பி.யோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர் சேஞ்ச்ஓவருக்கு முன்னால், ஈ.பி. பக்கத்தில் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் பக்கம் வந்துவிட்டால் அது ஜெனரேட்டரையே ஈ.பி. என்று நினைத்து அதற்குள் கரன்ட்டைத் தள்ளும்.

ஓட்டும் முறையை ஒரு தாளில் எழுதி சேஞ்ச்ஓவர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது வீட்டில் யாராவது செய்ய வேண்டியிருக்கும். தனி டி.பி.யின் எம்.சி.பி.களை எல்லாம் இறக்கு. சேஞ்ச்ஓவரை நடுவில் வை. ஸ்டார்ட் செய்து மூன்று நிமிடம் வெறுமனே ஓட விடு. வோல்ட்மீட்டர் 230-ஐ ஒட்டியும், பிரீக்வென்சி 50 முதல் 52-க்குள்ளும் இருக்கிறதா பார். பிறகு ஜெனரேட்டர் பக்கம் மாற்று. முதலில் தண்ணீர் மோட்டார், அது ஓடி முடிந்த பின் ஃபிரிட்ஜ், பிறகு இன்வெர்ட்டர், கடைசியில் ஏசி. ஸ்டார்ட் ஆகாவிட்டால் பத்து நொடிக்கு மேல் சாவியைப் பிடித்துக்கொண்டிருக்காதே. அரை நிமிடம் விட்டுத் திரும்ப முயற்சி செய். அணைக்கும்போது சுமையை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் ஓடி ஆறிய பிறகே நிறுத்து.

டீசல் கணக்கு: 3,000 வாட் சுமையில் மணிக்கு 1.2 முதல் 1.5 லிட்டர். மாலை ஆறு முதல் நள்ளிரவு, அதிகாலை ஐந்து முதல் எட்டு, மதியம் இரண்டு மூன்று மணி நேரம் என்று ஓட்டினால் நாளுக்கு 17 லிட்டர் அளவில் ஆகும். செட்டின் தொட்டி நிறைந்திருக்க, மூடியுள்ள 20 லிட்டர் கேன் இரண்டு வைத்திருந்தால் நான்கு நாள் தாண்டலாம். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது ஜெனரேட்டர் கரன்ட் ஒரு யூனிட் 35 ரூபாயைத் தாண்டும். ஒரு மணி நேர, இரண்டு மணி நேரக் கரன்ட் வெட்டுக்கு இதைக் கிளப்ப வேண்டாம், இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

பராமரிப்பில் நம்மவர்கள் செய்யும் தவறு, வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் வெறுமனே ஓட்டி அணைப்பது. ஸ்டார்ட் செய்ய இழுத்த பேட்டரிச் சார்ஜ்கூட அதில் திரும்பாது, எஞ்சினிலும் கரிதான் சேரும். மாதம் ஒரு முறை, அரை மணி நேரம், சுமையோடு. அன்று மட்டும் இரண்டாயிரம் வாட் கீசரை ஜெனரேட்டரில் போடலாம். அதற்காகவே தனி டி.பி.யில் ஒரு 16 ஆம்ப் சாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் நாளில் ஜெனரேட்டர் கிளம்பாததற்கு முதல் காரணம் அதன் 12 வோல்ட் பேட்டரி. ஓடாமல் இருக்கும்போது 12.6 காட்ட வேண்டும், 12.2-க்கு வந்துவிட்டால் பாதி காலி. பேட்டரியை எப்போதும் நிறைவாக வைத்திருக்கும் சிறிய ஃப்ளோட் சார்ஜர் ஒன்றை இணைத்துவிட்டு, மூன்று ஆண்டில் பேட்டரியை மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் உள்ள செட் என்றால் கூலண்ட் மட்டும் ஊற்றுங்கள்; போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து அடைக்கும். ஆயிலும் ஃபில்டரும் 250 மணி நேரத்துக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பரில். கூண்டின் காற்றுத் துளைகளில் எலி நுழையாத கம்பி வலை இருக்கட்டும். மழைக்காலத்தில் காய்ந்த இடம் தேடி வருவது எலியும்தான், ஒயரைக் கடிப்பதும் அதுதான்.

டீசல் தொட்டியை எப்போதும் நிறைத்தே வையுங்கள். பாதி காலியாக இருந்தால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே வியர்த்துத் தண்ணீராக அடியில் தங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிக்குழாயைத் திறந்து கொஞ்சம் வடித்துப் பாருங்கள். கேனில் உள்ள டீசலை ஆண்டுக்கொருமுறை ஜெனரேட்டரிலேயே ஊற்றித் தீர்த்துவிட்டுப் புதிதாக வாங்கி வையுங்கள். தொட்டி முழுதும் வற்றி நின்றுவிட்டால் டீசல் ஊற்றியவுடன் கிளம்பாது, குழாயில் காற்று அடைத்திருக்கும். ஃபில்டர் தலையிலுள்ள பிளீடிங் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, கை பம்ப்பை அடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வரும்போது இறுக்க வேண்டும். செட்டை நிறுவ வரும் ஆளிடம் இதை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லி, ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்க்ரூவுக்கான ஸ்பேனரைக் கூண்டுக் கதவின் உள்பக்கமே கட்டித் தொங்கவிடுங்கள்.